மெடிகெய்ட் ஒப்பந்தம் கைவிட்டுப் போகும்போது

அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் பெயர் மெடிகெய்ட். திட்டம் அரசுடையது. பணத்தை ஃபெடரல் அரசும் மாநில அரசும் சேர்ந்து போடுகின்றன. ஆனால் அன்றாடம் அதை நடத்துவது பெரும்பாலும் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள்தான். பயனாளிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் கையில் இருக்கும் அட்டையில் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். தங்களிடம் இருப்பது அரசுக் காப்பீடு என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. கேட்டால் நிறுவனத்தின் பெயரைத்தான் சொல்வார்கள்.

1965இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டபோது திட்டம் இப்படி இல்லை. மருத்துவர் பில் அனுப்புவார், மாநிலம் பணம் கொடுக்கும், அவ்வளவுதான். கடைசியாகச் சேர்ந்த மாநிலம் அரிசோனா. 1982இல் சேரும்போதே தனியார் நிறுவனங்கள் வழியாகத்தான் நடத்துவோம் என்று சொல்லிச் சேர்ந்தது. 1997இல் வந்த ஒரு ஃபெடரல் சட்டம், தனி அனுமதி வாங்காமலே மக்களைக் கட்டாயமாக இப்படிப்பட்ட நிறுவனங்களில் சேர்க்கலாம் என்று மற்ற மாநிலங்களுக்கும் வழிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு மாநிலமாக மாறிக்கொண்டே வந்தது. தலைக்கு இவ்வளவு என்று மாநிலம் மாதாமாதம் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும். அதற்குள் பிரசவமோ டயாலிசிஸோ மனநல சிகிச்சையோ எது வந்தாலும் நிறுவனம் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தத் தொகையை நிர்ணயிக்கும்போது குறைந்தது 85 சதவீதம் சிகிச்சைக்கும் தர மேம்பாட்டுக்கும் போகும்படி கணக்கிட வேண்டும் என்பது ஃபெடரல் விதி. மிச்சத்தில்தான் எங்கள் சம்பளமும் நிறுவனத்தின் லாபமும்.

நான் அப்படி ஒரு நிறுவனத்தில் க்ளெய்ம் கான்ஃபிகரேஷன் பார்க்கிறேன். மருத்துவமனை அனுப்பும் ஒவ்வொரு பில்லுக்கும் எவ்வளவு கொடுக்க வேண்டும், எதற்கு முன் அனுமதி வேண்டும், எந்த மருத்துவர் எங்கள் வலையமைப்பில் இருக்கிறார் என்பதையெல்லாம் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. முதல் தேதியிலிருந்து பல் பிடுங்கும் கட்டணம் மாறுகிறது என்று மாநிலம் அறிவித்தால், நாங்கள் அன்று இரவே அட்டவணைகளை மாற்ற வேண்டும். நிறுவனத்தின் பெயரையோ மாநிலத்தின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். உடன் வேலை பார்ப்பவர்களின் கதையும் இதில் கலந்திருக்கிறது.

அந்த நிறுவனம் மாநிலத்தின் மெடிகெய்ட் டெண்டரில் தோற்றுவிட்டது.

இதன் கனம் வெளியில் இருப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. மற்ற தொழில்களில் ஒரு பெரிய வாடிக்கையாளர் போனால் வியாபாரம் சரியும். இங்கே மாநிலம்தான் ஒரே வாடிக்கையாளர். நாங்கள் வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள் மாதிரி. சுவருக்கு வண்ணம் அடித்தது நாங்கள், தோட்டம் போட்டது நாங்கள், ஆனால் வீடு மாநிலத்துடையது. குத்தகை முடிந்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், அந்த மாநிலத்தில் எங்களுக்கு ஒரு உறுப்பினர்கூட மிச்சம் இருக்க மாட்டார்.

டெண்டர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். மாநிலம் பல நூறு பக்க அறிவிப்பை வெளியிடும். அதில் கற்பனைக் குடும்பங்களும் இருக்கும். ஆறு வயதுக் குழந்தைக்கு ஆஸ்துமா, தாய்க்கு மனச்சோர்வு, வீட்டில் கார் இல்லை, பக்கத்து மருத்துவமனை வெகுதூரம், உங்கள் நிறுவனம் என்ன செய்யும் என்று கேட்பார்கள். நிறுவனங்கள் பதில் எழுதும். மாநில ஊழியர்கள் சிலர் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்கள். அந்தக் காலம் முழுக்க, டெண்டரைப் பற்றி மாநில அதிகாரிகளிடம் யாரும் பேசக் கூடாது. இவ்வளவு காலம் நன்றாக நடத்தினோம் என்பதற்கும் மதிப்பெண் உண்டுதான். ஆனால் பல டெண்டர்களில் எழுத்துப் பதிலுக்குத்தான் அதிக எடை. அந்தக் குழந்தையைப் போன்ற நூறு குழந்தைகளை நேரில் பார்த்த எங்கள் நர்ஸும், இந்த மாநிலத்தில் கால் வைக்காத நிறுவனத்தின் தேர்ந்த எழுத்தாளரும் ஒரே தாளில் போட்டியிடுகிறார்கள். எழுத்தாளர் ஜெயிக்க முடியும். இது அநியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. நேர்மையாகப் பார்த்தால், இருப்பவர்களுக்கே எப்போதும் கொடுத்துக்கொண்டிருந்தால் அவர்கள் சோம்பிவிடுவார்கள் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

தோற்பது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. கான்சஸ் மாநிலத்தைப் பாருங்கள். 2013இல் அங்கே மூன்று நிறுவனங்கள் மெடிகெய்டை எடுத்தன. அதில் ஒன்று அமெரிகுரூப், ஆந்தம் குழுமத்தைச் சேர்ந்தது. 2018 டெண்டரில் அது வெளியேற, 2019இல் அந்த இடத்துக்கு ஏட்னா வந்தது. அடுத்த டெண்டரில் ஏட்னா தோற்றது. 2025 ஜனவரியில் அதன் இடத்துக்கு வந்த ஹெல்தி ப்ளூவில், பெயரை எலெவன்ஸ் என்று மாற்றிக்கொண்ட அதே ஆந்தத்துக்கும் பங்கு உண்டு. நியூ மெக்சிகோவிலும் இதே கதை. 2018 தொடக்கத்தில் மோலினா தோற்றது, சென்டீனின் வெஸ்டர்ன் ஸ்கை ஜெயித்தது. மோலினா ஆட்சேப மனு போட்டும் பலன் இல்லை. 2024 ஜூலையில் புதிய ஒப்பந்தம் தொடங்கியபோது மோலினா உள்ளே, வெஸ்டர்ன் ஸ்கை வெளியே. நிறுவனங்கள் போகும், திரும்பி வரும். பல மாநிலங்களில் கால் ஊன்றியவர்களுக்கு ஒரு தோல்வி என்பது ஒரு காலாண்டு அறிக்கையில் ஒரு வரி. ஆனால் 2018இல் வேலை இழந்த ஒருவர் 2024 வரை காத்திருந்து அதே நாற்காலியில் போய் உட்கார முடியாது.

என்னை அதிகம் பாதித்தது கென்டக்கியின் கதை. லூயிவில் நகரில் 1997இல் பாஸ்போர்ட் ஹெல்த் பிளான் தொடங்கியது. பல்கலைக்கழகமும் உள்ளூர் மருத்துவமனைகளும் சேர்ந்து உருவாக்கிய லாப நோக்கமற்ற அமைப்பு. லூயிவில்லும் சுற்றியுள்ள கவுண்டிகளும் சேர்ந்த வட்டாரத்துக்கு வெகுகாலம் அது ஒன்றுதான். 2013இல்தான் மற்ற நிறுவனங்கள் அந்த வட்டாரத்துக்குள் வந்தன. நகரின் மேற்குப் பகுதியில், கறுப்பின மக்கள் அதிகம் வாழும், முதலீடு எட்டிப் பார்க்காத இடத்தில், புதிய தலைமையகம் கட்டத் தொடங்கினார்கள். 2018இல் அந்த வட்டாரத்தில் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் மாதத் தொகையை மாநிலம் குறைத்தது. கட்டடம் பாதியில் நின்றது. 2019இல் பாஸ்போர்ட் வழக்குப் போட்டது, பணநெருக்கடியில் தன்னில் 70 சதவீதத்தை எவலென்ட் என்ற நிறுவனத்துக்கு விற்றது. அதே ஆண்டு இறுதியில், தேர்தலில் தோற்றுப் பதவியிலிருந்து இறங்கவிருந்த ஆளுநரின் நிர்வாகம் புதிய ஒப்பந்தங்களை அறிவித்தது. பட்டியலில் பாஸ்போர்ட் இல்லை. டிசம்பரில் பதவிக்கு வந்த ஆளுநர் ஆண்டி பெஷியர் அவற்றை ரத்து செய்து மறுபடி டெண்டர் விடச் சொன்னார். 2020 மே மாதம் மறு முடிவு வந்தது. அப்போதும் பாஸ்போர்ட் இல்லை.

அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். நவம்பரில் வேலை போனது. டிசம்பரில் திரும்பி வந்தது. மே மாதம், அதுவும் கோவிட் காலத்தில், மறுபடி போனது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஜெயித்த மோலினாவுக்குக் கென்டக்கியில் மெடிகெய்ட் உறுப்பினர்களே இல்லை. அது பாஸ்போர்ட்டை வாங்கியது, உறுப்பினர்களையும் பெயரையும் எடுத்துக்கொண்டு, 'பாஸ்போர்ட் ஹெல்த் பிளான் பை மோலினா ஹெல்த்கேர்' என்றே நடத்தியது. மதிப்பெண் தாளில் தோற்ற பெயருக்கு ஊர் மக்களிடம் அவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது. அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது? ஃபோனை எடுத்துப் பேசியவர்கள், வீடு வீடாகப் போனவர்கள் உண்டாக்கியது. விலை பேசி விற்கும்போது அது நிறுவனத்தின் சொத்தாகக் கணக்கில் வந்துவிடுகிறது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

மாநிலத்தின் இணையதளத்தில் ஜெயித்தவர்களின் பட்டியல் வந்த அன்றே தலைமையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. முடிவு ஏமாற்றம் அளிக்கிறது, எல்லா வழிகளையும் ஆராய்வோம், இப்போதைக்கு எதுவும் மாறவில்லை, உறுப்பினர்கள் மீதே கவனம் வையுங்கள் என்று எழுதியிருந்தது. சில நாட்களில் டவுன்ஹால் கூட்டம், அதாவது தலைமை ஊழியர்களை மொத்தமாகக் கூட்டிப் பேசும் கூட்டம். ஆட்சேப மனு போட்டிருக்கிறோம், மதிப்பெண் போட்ட விதத்தில் குறைகள் இருக்கின்றன, எங்கள் வழக்கு வலுவானது என்று சட்டப் பிரிவிலிருந்து ஒருவர் சொன்னார். வேலைகளைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒரே பதில்: ஊகத்தின் அடிப்படையில் பேசுவது சரியாக இருக்காது.

நான் இந்தப் பதிவை எழுதக் காரணமே இந்தப் பதில்தான்.

ஆட்சேப மனு பொய் நம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். சில சமயம் பலிக்கிறது. கலிபோர்னியாவில் 2022 ஆகஸ்டில் வந்த முடிவைத் தோற்றவர்கள் எதிர்த்தார்கள். டிசம்பரில் மாநிலம் அந்த முடிவை விட்டுவிட்டு, நேரடியாகப் பேசி ஒப்பந்தங்களை மாற்றி அமைத்தது. லாஸ் ஏஞ்சலஸில் வெளியே போகவிருந்த ஹெல்த் நெட் உள்ளேயே இருந்தது. டெக்சஸில் 2024 மார்ச்சில் வந்த முடிவில் குழந்தைகள் மருத்துவமனைகள் நடத்தும் லாப நோக்கமற்ற திட்டங்கள் வெளியேற வேண்டியிருந்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள், தற்காலிகத் தடையும் கிடைத்தது. இந்த உதாரணங்கள் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். மதிய உணவு நேரத்தில் வேறு பேச்சே இல்லை. நியூ மெக்சிகோவில் பலிக்கவில்லையே என்று யாரும் எடுப்பதில்லை.

பலிக்கலாம் என்பதால்தான் இது இவ்வளவு கடினம். நம்பிக்கைக்கு ஒரு விலை இருக்கிறது, அதை நிறுவனம் கொடுப்பதில்லை, ஊழியர் கொடுக்கிறார். ஒப்பந்தத்தின் கடைசி நாள் வரை நிறுவனம் குறைவில்லாமல் சேவை செய்தாக வேண்டும். அழைப்புகளை இத்தனை விநாடிக்குள் எடுக்க வேண்டும், க்ளெய்ம்களை இத்தனை நாளுக்குள் தீர்க்க வேண்டும், தவறினால் அபராதம். ஆட்கள் கிளம்பிவிட்டால் இதெல்லாம் சரியும். அதனால் ஆட்கள் இருக்க வேண்டும், இருக்க வேண்டுமென்றால் நம்பிக்கையும் இருக்க வேண்டும். பக்கத்து நிறுவனங்கள் ஆள் எடுக்கும் மாதங்களில் நாங்கள் இங்கே காத்திருக்கிறோம். மனு தள்ளுபடியாகும் நாளில் எல்லோரும் ஒன்றாக வேலை தேடக் கிளம்புவோம். அப்போது அந்த இடங்கள் நிரம்பியிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வகை ஒப்பந்தங்களில், முடிவுக்கு வந்தால் எப்படிப் பொறுப்பை ஒப்படைப்பீர்கள் என்ற திட்டத்தை நிறுவனம் மாநிலத்திடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருப்பது வழக்கம். எங்கள் ஒப்பந்தத்திலும் இருக்கிறது. அது பொது ஆவணம், நான் படித்தேன். எந்தத் தேதியில் எந்தக் கோப்பு போக வேண்டும், அழைப்பு மையம் எதுவரை இயங்க வேண்டும், கடைசி நாளுக்கு முன் நடந்த சிகிச்சைகளின் பில்களை அதற்கப்புறம் எவ்வளவு காலம் தீர்க்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. அந்தத் திட்டத்தை எழுதும்போது யார் எதுவரை தேவை என்று நிறுவனம் கணக்குப் போட்டே ஆக வேண்டும். அப்படியானால் ஊகம் என்ற பேச்சு எங்கே வந்தது? தேதி இருக்கிறது, கணக்கு இருக்கிறது. மாநிலத்துக்குச் சொல்ல முடிந்ததை எங்களுக்கும் சொல்லலாம். மனு ஜெயித்தால் மகிழ்ச்சி, தோற்றால் இந்தப் பிரிவுக்கு இந்த மாதம் வரை வேலை என்று ஒரே தாளில் இரண்டையும் எழுதித் தரலாம். வளர்ந்த மனிதர்களால் இரண்டையும் தாங்கிக்கொள்ள முடியும்.

எதிர்பாராமல் நடக்கும் ஆட்குறைப்பு வேறு. ஐயோவாவில் 2017 அக்டோபர் கடைசி நாளில் அமெரிஹெல்த் காரிடாஸ் வெளியேறுவதாக அறிவித்தது. அடுத்த மாதத்தோடு போய்விட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரே மாதத்தில் இடம் மாற வேண்டியிருந்தது. அங்கே ஊழியருக்கு முன்னறிவிப்புத் தர நேரமே இல்லை என்று சொன்னால்கூடப் புரிந்துகொள்ளலாம். டெண்டர் தோல்வியில் நேரம் இருக்கிறது, பல மாதம் இருக்கிறது. மற்ற எந்த வேலை இழப்பிலும் கிடைக்காத ஒரு சலுகை அது. அதை ஊழியருக்குக் கொடுக்காமல் பூட்டி வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பயம் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. எங்கள் கேர் கோஆர்டினேட்டர்கள், அதாவது உறுப்பினர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸ்களும் சமூகப் பணியாளர்களும், ஓரளவு தைரியமாக இருக்கிறார்கள். ஜெயித்த நிறுவனங்களுக்கு இந்த மாநில உரிமம் உள்ள நர்ஸ்கள் உடனே வேண்டும், தொடங்குவதற்கு முன் மாநிலம் வந்து ஆள் இருக்கிறதா என்று பார்க்கும். மருத்துவர்களோடு ஒப்பந்தம் பேசும் பிரிவுக்கும் கிராக்கி உண்டு, ஊரில் யார் யார் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். தவிப்பவர்கள் அழைப்பு மையத்தில் இருப்பவர்களும் எங்களைப் போல உள்ளே உட்கார்ந்து க்ளெய்ம் பார்ப்பவர்களும்தான். பெரிய நிறுவனங்களுக்கு இந்த வேலைகள் ஏற்கெனவே ஏதோ ஒரு ஊரில் மொத்தமாக நடக்கின்றன. அவர்களுக்கு இங்கே புதிதாக ஆள் வேண்டியதில்லை.

அழைப்பு மையத்தில் ஒரு பெண், தனியாக இரண்டு குழந்தைகளை வளர்ப்பவர், என்னிடம் கேட்டது இன்னும் மனதை அறுக்கிறது. வேலை போனால் குழந்தைகளை மெடிகெய்டில் சேர்க்கலாம்தானே, வருமான வரம்பு எவ்வளவு என்று கேட்டார். பதில் அவருக்கே தெரியும். ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்கு அதே பதிலைச் சொல்பவர். யாராவது தனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்திருக்கிறது. சொன்னேன். வரம்புக்குப் பழைய சம்பளத்தைப் பார்ப்பதில்லை, இப்போதைய வருமானத்தைத்தான் பார்ப்பார்கள், எந்த மாதத்திலும் விண்ணப்பிக்கலாம், காலக்கெடு இல்லை.

நம்மவர்களின் பயம் வேறு வகை. இந்தத் தொழிலில் தமிழர்கள் நிறையப் பேர் இருப்பதற்குக் காரணம் உண்டு. மெடிகெய்ட் நிறுவனங்கள் பல பயன்படுத்தும் க்ளெய்ம் மென்பொருள்களான ஃபேசெட்ஸும் க்யூஎன்எக்ஸ்டியும் டிரைசெட்டோ நிறுவனத்துடையவை. 1994இல் சென்னையில் தொடங்கிய காக்னிசன்ட், 2014இல் 270 கோடி டாலருக்கு டிரைசெட்டோவை வாங்குவதாக அறிவித்தது. சென்னையிலும் கோவையிலும் இதைக் கற்றுக்கொண்டு எச்1பி வேலை விசாவில் இங்கே வந்த பிள்ளைகள் பலர். அவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர்கள். டவுன்ஹால் கூட்டத்துக்குக்கூட அவர்களை அழைக்கவில்லை.

எங்கள் அணியில் அப்படி ஒரு தம்பி இருக்கிறான், மதுரைப் பக்கம். மனைவி கர்ப்பமாக இருக்கிறாள். "அக்கா, நீங்க மீட்டிங்ல இருந்தீங்களே, நம்ம ப்ராஜெக்ட் பத்தி எதாவது சொன்னாங்களா?" என்று கேட்டான். "ஒண்ணும் சொல்லலப்பா. சொன்னா உன்கிட்ட மறைக்க மாட்டேன்," என்றேன். அவனுக்கு ப்ராஜெக்ட் முடிவதும் வேலை முடிவதும் ஒன்றல்ல, அவனுடைய நிறுவனம் வேறு இடத்தில் போடலாம். போடாவிட்டால், வேலை முடிந்ததிலிருந்து அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறு ஒரு நிறுவனம் மனு போட வேண்டும், அல்லது விசாவை மாற்ற வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். இந்த 60 நாள் சலுகையே 2017இல்தான் வந்தது. பிரசவத் தேதியையும் அந்த 60 நாளையும் காலண்டரில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறான். நானும் அந்த விசாவில்தான் வந்தேன். கிரீன் கார்டு வந்தபின் அந்த நடுக்கம் மறந்துபோயிருந்தது. அவன் முகத்தைப் பார்க்கும்போது திரும்ப வருகிறது.

உறுப்பினர்களுக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. காகிதத்தில் பார்த்தால் அவர்களுக்கு இழப்பு இல்லை. புதிய நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம், தேர்ந்தெடுக்காதவர்களை மாநிலம் எதிலாவது சேர்த்துவிடும். நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையைக் கொஞ்ச காலத்துக்கு அப்படியே தொடர விதி இருக்கிறது, பல மாநிலங்களில் 90 நாள் வரை. கோப்புகள் கணினியிலிருந்து கணினிக்குப் போகும். ஆனால் கோப்பில் ஏறாத விஷயங்கள் உண்டு. இந்த அம்மா இரவு வேலைக்குப் போகிறவர், மதியத்துக்கு மேல் கூப்பிட்டால்தான் எடுப்பார். அந்தப் பெரியவர் கதவைத் திறக்க நேரமாகும், இரண்டு முறை மணி அடித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அந்தப் பையன் ஊசி என்று சொன்னால் ஓடிவிடுவான், முதலில் நாயைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் நர்ஸ் ஒருவர் இதையெல்லாம் குறிப்புகளாக எழுதத் தொடங்கியிருக்கிறார், ஒவ்வொரு உறுப்பினருக்கும் நாலைந்து வரி. புதிய நிறுவனத்தில் யாராவது படிப்பார்களா என்று அவருக்கு உறுதி இல்லை. அவரே அந்தப் புதிய நிறுவனத்துக்குப் போகலாம், ஆனால் இதே குடும்பங்கள் அவருக்கு வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. தலைமையிடமிருந்து யாரும் அவரை இதைச் செய்யச் சொல்லவில்லை. வேலை போகப்போகிறது என்று தெரிந்த பிறகும் ஒருவர் வேலையை இப்படிச் செய்கிறார் என்றால், அவரிடம் உண்மையைச் சொல்லும் கடமை நிறுவனத்துக்கு இருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் யாராவது இதே நிலையில் இருக்கலாம், அவர்களுக்காகச் சில விஷயங்கள். மாநிலத்தின் அறிவிப்பையும் உங்கள் நிறுவனத்தின் ஒப்பந்தத்தையும் நீங்களே தேடிப் படியுங்கள், பெரும்பாலும் பொதுவில் கிடைக்கும். கடைசித் தேதி அதில் இருக்கும். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் மொத்தமாக ஆட்களை வேலையிலிருந்து நீக்கும்போது 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று 1988இல் இயற்றிய வார்ன் சட்டம் சொல்கிறது. நியூ யார்க், நியூ ஜெர்சி மாதிரி சில மாநிலங்களில் அது 90 நாள். அந்த நோட்டீஸ் மாநிலத்துக்கும் போகும், பல மாநிலங்கள் அதை இணையத்தில் போடுகின்றன, அதையும் பார்த்துவாருங்கள். ஆனால் ஒரே அலுவலகத்தில் இத்தனை பேர் என்ற கணக்கில் சட்டம் போவதால், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் தாங்கள் எந்த அலுவலகக் கணக்கில் வருகிறோம் என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

கடைசி நாள் வரை இருந்தால் போனஸ் என்று தாள் வந்தால், எந்த நாள் கடைசி நாள், அதை நிறுவனம் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள். நாற்பது வயது கடந்தவர்கள் இழப்பீட்டுக்காக, நிறுவனத்தின் மேல் வழக்குப் போடும் உரிமையை விட்டுத்தரும் தாளில் அன்றே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கூட்டமாக ஆட்குறைக்கும்போது யோசிக்க 45 நாள் உண்டு, கையெழுத்துப் போட்ட பிறகும் ஏழு நாளுக்குள் திரும்பப் பெறலாம். எந்தெந்தப் பதவியில் எந்தெந்த வயதுக்காரர்கள் போகிறார்கள் என்ற பட்டியலையும் நிறுவனம் தர வேண்டும். கோப்ரா என்ற சட்டத்தின் வழியாக அதே மருத்துவக் காப்பீட்டை 18 மாதம் வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் முழு பிரீமியமும் அதற்கு மேல் 2 சதவீதமும் உங்கள் கையிலிருந்து. பலருக்குக் கட்டுப்படியாகாது. தனியாட்கள் காப்பீடு வாங்கும் அரசுச் சந்தையில் (மார்க்கெட்பிளேஸ்) வாங்க 60 நாள் அவகாசம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மனு என்ன ஆகும் என்று காத்திருக்காமல் விண்ணப்பம் போடத் தொடங்குங்கள். அது துரோகம் இல்லை. எங்கள் அணியில் முதலில் கிளம்பியவர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். கேட்டிருக்கவே வேண்டாம்.

நானும் விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் பட்ஜெட்டைச் சுருக்கியாயிற்று. ஊரிலிருந்து அம்மா "வேலையெல்லாம் நல்லபடியா போகுதா?" என்று கேட்டால், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவர் கவலைப்படுகிறார், பட்டாலும் பரவாயில்லை.

போன வாரம் நாங்கள் பலர் சேர்ந்து தலைமைக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். மனு தோற்றால் ஒவ்வொரு பிரிவும் எந்தத் தேதி வரை இயங்கும் என்பதை இப்போதே எழுத்தில் சொல்லுங்கள். ஒப்பந்த ஊழியர்களுக்கும் அதே நாளில் அதே தகவலைக் கொடுங்கள். இப்போது வேறு வேலை கிடைத்துப் போகிறவர்களுக்கும் இழப்பீட்டில் ஒரு பங்கைத் தாருங்கள். மூன்றே கோரிக்கைதான். அழைப்பு மையத்துப் பெண் முதல் கையெழுத்துப் போட்டார். முதல் கோரிக்கையைப் பரிசீலிக்கிறோம் என்று எச்.ஆரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. மற்ற இரண்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அடுத்த டவுன்ஹால் கூட்டம் வியாழக்கிழமை, அங்கே அந்த இரண்டையும் நேரடியாகக் கேட்கப்போகிறோம்.